தனிநபர் விக்கி: குறிப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை

தனிநபர் விக்கி என்பது ஒருவர் தமக்குத் தெரிந்தவற்றையும் தாம் கற்றுவருபவற்றையும் சிறு சிறு பக்கங்களாக எழுதி, அப்பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்து வைத்துக்கொள்ளும் குறிப்பேடு ஆகும். விக்கிப்பீடியா போன்ற பொது விக்கிகளைப் பலர் கூடி எழுதுகின்றனர். தனிநபர் விக்கியை ஒருவரே எழுதுகிறார். பெரும்பாலும் அவரே படிக்கிறார். இது இணையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு மடிக்கணினியிலோ, கைப்பேசியிலோ, ஒரு பென் டிரைவிலோ இருக்கலாம். பாடக் குறிப்புகள், கணினித் தொழில்நுட்பக் குறிப்புகள், வீட்டு விவரங்கள், படித்த நூல்களின் சுருக்கங்கள் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க இது உதவுகிறது.

தேவை

குறிப்பு எழுதாதவர் நம்மில் குறைவு. எழுதிய குறிப்பை வேண்டிய நேரத்தில் எடுக்க முடிந்தவரும் குறைவுதான். பழைய டைரியில் சில, தேர்வு நோட்டில் சில, கைப்பேசியில் எடுத்த கரும்பலகைப் படங்களில் சில, தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட வாட்சப் செய்திகளில் சில என்று அவை சிதறிக் கிடக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் மூன்றாண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பைத் தேடி அலுத்து, அதே பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறார். கணினிப் பணியாளர் ஒருவர் பாதி இரவு விழித்துத் தீர்த்த பழுது, அடுத்த ஆண்டு மீண்டும் வரும்போது மீண்டும் பாதி இரவை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை உழைத்துப் பெற்ற அறிவு, எழுதி வைத்தும் கைக்கு எட்டாமல் போவதே இங்குள்ள இழப்பு.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு, கோப்புறைகளாகப் பிரித்து வைப்பது. அது ஓரளவு வரைதான் உதவும். ஒரு தாள் ஒரு கோப்பில்தான் இருக்க முடியும். ஆனால் ஒரு செய்தி பல இடங்களுக்கு உரியது. ஆழ்குழாய்க் கிணற்று நீரின் கடினத்தன்மை பற்றிய குறிப்பை எடுத்துக்கொள்வோம். கால்சியம், மக்னீசியம் உப்புகளைப் பற்றியது என்பதால் அது வேதியியல் கோப்புக்கு உரியது. வெந்நீர்ச் சாதனத்தில் வெள்ளைப் படலம் படிவதற்குக் காரணம் என்பதால் வீட்டுப் பராமரிப்புக் கோப்புக்கும் உரியது. கோப்புறை முறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. விக்கி முறையில் குறிப்பு ஒரே இடத்தில் இருக்கும்; அதற்கு வரும் வழிகள் எத்தனையும் இருக்கலாம்.

வரலாறு

குறிப்புகளை இணைத்து வைக்கும் எண்ணம் கணினிக்கு முந்தியது. தமிழில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு நம் பழைய பதிப்பாசிரியர்களின் உழைப்பு. உ. வே. சாமிநாதையரின் பதிப்புகளில் உள்ள அரும்பத அகராதிகளும் ஒப்புமைப் பகுதிகளும், ஒரு நூலின் சொல்லையோ கருத்தையோ பிற இடங்களோடு இணைத்துக் காட்டுபவை. ஓரிடத்தில் படித்ததை வேறோர் இடத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இல்லாமல் அத்தகைய பணி நடந்திருக்க முடியாது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாசு லூமன் (1927–1998) சிறு தாள் அட்டைகளில் குறிப்பெழுதி, ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண் கொடுத்து, ஓர் அட்டையில் மற்றோர் அட்டையின் எண்ணைக் குறித்து வைத்தார். இவ்வாறு அவர் சேர்த்த அட்டைகள் சுமார் 90,000. பொருள் வாரியாக அடுக்குவதைவிட, அட்டைகளுக்கு இடையிலான தொடர்பே அவருக்கு முக்கியமாக இருந்தது.

அமெரிக்கப் பொறியாளர் வன்னேவர் புஷ் 1945 ஆம் ஆண்டு சூலையில் அட்லாண்டிக் மந்த்லி இதழில் எழுதிய கட்டுரையில் மெமெக்சு என்னும் கருவியைக் கற்பனை செய்து விளக்கினார். மேசை வடிவிலான அக்கருவியில் ஒருவர் தம் நூல்களையும் குறிப்புகளையும் நுண்படச் சுருள்களாகச் சேமித்து, அவற்றுக்கிடையே தாமே தடங்களை அமைத்துக்கொள்ளலாம். அக்கருவி உருவாக்கப்படவில்லை. ஆனால் அந்த எண்ணம் பின்வந்தவர்களைத் தூண்டியது. 1960களில் டெட் நெல்சன் மீயுரை என்ற கருத்துக்குப் பெயர் சூட்டினார். 1987 இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஹைப்பர்கார்டு, அட்டைகளை இணைக்கும் முறையை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது.

வார்டு கன்னிங்காம் 1995 மார்ச் 25 அன்று விக்கிவிக்கிவெப் என்னும் தளத்தைத் தொடங்கினார். விக்கி என்பது விரைவு என்று பொருள்படும் ஹவாய் மொழிச் சொல். யாரும் எளிதில் பக்கத்தைத் திருத்தலாம், புதிய பக்கத்தைத் தொடங்கலாம் என்பதே அத்தளத்தின் புதுமை. பலருக்காகத் தோன்றிய அந்த எளிமையைத் தனியொருவரின் குறிப்பேட்டுக்குக் கொண்டுவந்ததன் விளைவே தனிநபர் விக்கி.

உறுப்புகள்

விக்கிக்கு விக்கி தோற்றம் மாறினாலும் கீழ்க்காணும் உறுப்புகள் பொதுவானவை.

பக்கம்: ஒரு பொருளைப் பற்றி ஒரு பக்கம். மின்தேக்கி ஒரு பக்கம். ஓமின் விதி இன்னொரு பக்கம். மின்னியல் என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே நீண்ட பக்கத்தில் கொட்டினால், இணைப்பதற்குத் துல்லியமான இடம் இருக்காது.

இணைப்பு: பெரும்பாலான விக்கி மென்பொருள்களில் ஒரு பெயரை [[ ]] என்ற இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது இணைப்பாகிவிடும். அப்பெயரில் பக்கம் இல்லாவிட்டாலும் இணைப்பு கொடுக்கலாம். அது இனி எழுத வேண்டிய பக்கத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

இப்பக்கத்தை இணைத்தவை: ஒரு பக்கத்துக்கு வேறு எந்தெந்தப் பக்கங்களிலிருந்து இணைப்பு வருகிறது என்று காட்டும் பட்டியல். இதை மென்பொருளே தயாரிக்கும். தாள் குறிப்பேட்டால் செய்ய முடியாதது இதுதான்.

வழிமாற்று: ஒரே பொருளுக்கு இரு பெயர் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பிவிடுவது. தமிழில் கலைச்சொல்லும் வழக்குச் சொல்லும் வேறுபடுவதால் இது மிகவும் பயன்படும்.

குறிச்சொல்: தேர்வு, படிக்க வேண்டியவை, சரிபார்க்க வேண்டியவை போன்ற நிலைகளைக் காட்ட ஏற்றது. பொருளை இணைப்பாலும் நிலையைக் குறிச்சொல்லாலும் காட்டினால் குழப்பம் குறையும்.

வரலாறு: பக்கம் எப்போது, எவ்வாறு மாறியது என்ற பதிவு. எல்லா மென்பொருள்களிலும் இந்த வசதி இராது.

ஓர் எடுத்துக்காட்டு

வீட்டில் நடந்த ஒரு பழுதைப் பற்றிய பக்கம் இவ்வாறு அமையலாம்.

தலைப்பு: மோட்டார் உறுமல்
அறிகுறி: சுவிட்சைப் போட்டால் உறுமும் ஓசை மட்டும் கேட்கிறது, மோட்டார் சுழலவில்லை.
காரணம்: [[கெப்பாசிட்டர்]] பழுது.
செய்தது: மெக்கானிக் அதை மாற்றினார். பழையதன் மேல் அச்சிட்டிருந்த அதே அளவு வாங்கப்பட்டது.
எச்சரிக்கை: மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். கையால் தொடக்கூடாது.
நாள்: 2023 மே 14
தொடர்பு: [[வீட்டு மின்னிணைப்பு]], [[பழுது பார்ப்பவர்கள்]]

அதே விக்கியில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இயற்பியல் பாடத்துக்காக மின்தேக்கி என்ற பக்கத்தை எழுதியிருக்கிறாள் என்று கொள்வோம். மின்னூட்டத்தைச் சேமிக்கும் சாதனம், அதன் மின்தேக்குத்திறன், வாய்பாடு ஆகியவை அதில் உள்ளன. கெப்பாசிட்டர் என்ற பெயரை மின்தேக்கி என்ற பக்கத்துக்கு வழிமாற்றிவிட்டால் அவ்விரு குறிப்புகளும் சந்திக்கின்றன. மின்தேக்கிப் பக்கத்தின் கீழே, இப்பக்கத்தை இணைத்தவை என்ற பட்டியலில் மோட்டார் உறுமல் என்ற பெயர் தானாக வந்து நிற்கும்.

அங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. மின்னூட்டத்தைச் சேமிக்கும் சாதனம் பழுதானால் மோட்டார் ஏன் சுழலத் தொடங்குவதில்லை? ஒருமுனை மின்சாரம் மட்டும் மோட்டாருக்குத் தொடக்கச் சுழற்சியைத் தராது. துணைச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் கட்டத்தை மின்தேக்கி விலக்கிக் கொடுப்பதாலேயே சுழலும் காந்தப்புலம் கிடைக்கிறது. இவ்விடையைத் தேடி எழுதும்போது பாடப்புத்தகமும் கொல்லைப்புற மோட்டாரும் ஒன்றையே பேசுகின்றன என்பது மாணவிக்குப் புரிகிறது. மனப்பாடம் செய்த வாய்பாடு மறக்கலாம். தம் வீட்டில் தண்ணீர் வராமல் போனதற்குக் காரணமான வாய்பாடு எளிதில் மறக்காது.

நல்ல பக்கத்தை எழுதும் முறை

சொந்த நடையில் எழுதுவது முதல் விதி. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி நம்முடையது அல்ல. அதை நாம் புரிந்துகொண்டோமா என்பதும் அதிலிருந்து தெரியாது. மேற்கோள் தேவைப்பட்டால் மேற்கோள் குறியிட்டு, நூலின் பெயர், பதிப்பு, பக்க எண் ஆகியவற்றை அங்கேயே எழுதிவிட வேண்டும். பிறகு தேடிக் குறித்துக்கொள்ளலாம் என்று விட்டவை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

தொழில்நுட்பக் குறிப்பில் நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: என்ன சிக்கல், எந்தச் சூழலில், என்ன செய்தோம், என்ன விளைந்தது. கணினியானால் மென்பொருளின் பதிப்பு எண்ணும், திரையில் வந்த பிழைச் செய்தியும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். மறுமுறை அதே பிழை வரும்போது நாம் தேடுவது அந்தச் சொற்களைத்தான். பலனளிக்காத முயற்சிகளையும் ஒரு வரியில் குறித்து வைப்பது நல்லது. அடைபட்ட வழி எது என்று தெரிந்தால் அங்கே மறுபடி போக வேண்டியதில்லை.

நாள் குறிப்பது கட்டாயம். நாளில்லாத குறிப்பை நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. 2024-06-09 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி அவற்றைக் கால வரிசையில் சரியாக அடுக்கும்.

தொடங்குபவர் முன்கூட்டியே பெரிய பகுப்பு மரம் ஒன்றை வரைந்துகொள்ள வேண்டியதில்லை. முகப்புப் பக்கம் ஒன்றும், இன்றைக்குத் தேவையான இரண்டு மூன்று பக்கங்களும் போதும். ஒரு துறையில் இருபது முப்பது பக்கங்கள் சேர்ந்த பிறகு அவற்றுக்கு ஒரு தொகுப்புப் பக்கம் எழுதலாம். பழைய நோட்டுகள் முழுவதையும் முதலிலேயே தட்டச்சு செய்ய முயன்று களைத்து நிறுத்தியவர்கள் பலர். பழைய குறிப்பு எப்போது தேவைப்படுகிறதோ அப்போது அதை மட்டும் விக்கிக்குக் கொண்டுவருவது எளிது.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

முதல் விக்கியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளை இடையிடையே இட்டுச் சொற்களைச் சேர்த்தெழுதினால் இணைப்பு உருவாகும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. எனவே இரட்டைச் சதுர அடைப்பை ஏற்கும் மென்பொருளே தமிழுக்கு ஏற்றது.

வேற்றுமை உருபு சேரும்போது தமிழ்ச் சொல்லின் வடிவம் மாறும். மரம் என்று தேடினால் மரத்தை, மரத்தில் என்பவை அகப்படா. ஆகவே பக்கத்தின் தலைப்பை எழுவாய் வடிவில் வைத்து, வரியில் வரும் வடிவத்தை [[மரம்|மரத்தை]] என்று எழுதலாம். மீடியாவிக்கி, டோகுவிக்கி, ஆப்சிடியன் ஆகியவற்றில் பக்கத்தின் பெயர் முதலில் வரும். டிடிலிவிக்கியில் இவ்வரிசை தலைகீழ்: காட்ட வேண்டிய சொல் முதலில், பக்கத்தின் பெயர் பிறகு. தேடும்போது சொல்லின் மாறாத முற்பகுதியை மட்டும் தட்டச்சு செய்தால் கூடுதல் பக்கங்கள் கிடைக்கும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கலாம். ஔவையார் என்பதில் முதலெழுத்தான ஔ ஒரே எழுத்து. அதை ஒ, ள என்று இரண்டாகத் தட்டச்சு செய்வோரும் உள்ளனர். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ர எழுத்தை இடுவதும் அவ்வாறே. படிப்பவர் பொறுத்துக்கொள்வார், தேடல் பொறுத்துக்கொள்ளாது.

பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கோப்புகள் வைத்திருப்போர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே விக்கியில் சேர்க்க வேண்டும். அக்கோப்புகளை அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகள்தான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியை ஏற்றது. எழுத்துரு மாற்றிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

தலைப்பு சுருக்கமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் பிடிக்கும். லினக்சில் பரவலாக உள்ள கோப்பு முறைமைகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. அதாவது ஏறத்தாழ 85 குறியீடுகள். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஒரு நீண்ட வாக்கியம் தலைப்பாகாது.

மென்பொருள்கள்

டிடிலிவிக்கி: ஜெரமி ரஸ்டன் 2004 இல் வெளியிட்டார். விக்கி முழுவதும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பில் அடங்கும். இணைய உலாவி இருந்தால் போதும். திருத்திய பின் கோப்பைச் சேமிக்கும் முறையை மட்டும் முதலிலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

சிம்: கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக்கோப்பாகச் சேமிக்கப்படும்.

டோகுவிக்கி: ஆன்றியாசு கோர் 2004 இல் உருவாக்கியது. தரவுத்தளம் வேண்டாம், உரைக்கோப்புகளே போதும். திருத்த வரலாறு உண்டு. குடும்பமோ சிறு குழுவோ சேர்ந்து எழுத ஏற்றது.

ஆப்சிடியன்: 2020 இல் வந்தது. மார்க்டவுன் என்னும் எளிய குறிமுறையில் எழுதிய கோப்புகளைக் கையாள்கிறது. மென்பொருள் திறமூலம் அன்று. ஆனால் கோப்புகள் நம் கணினியிலேயே இருக்கும்.

ஆர்க் மோட்: ஈமாக்சு என்னும் உரைத்தொகுப்பியின் பகுதி. கார்ஸ்டன் டொமினிக் 2003 இல் தொடங்கினார். நிரலாளர்கள் விரும்புவது, பழகச் சற்று நாளாகும்.

மீடியாவிக்கி: விக்கிப்பீடியாவை இயக்குவது. ஒருவருக்கு இது பெரிய ஏற்பாடு. எனினும் விக்கிப்பீடியாவில் பங்களிக்க விரும்புவோருக்கு நல்ல பயிற்சி.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரே கேள்வி போதும்: இந்த மென்பொருள் நாளை நின்றுவிட்டால் என் குறிப்புகளை வேறொன்றில் திறக்க முடியுமா? உரைக்கோப்பாகச் சேமிக்கும் மென்பொருளானால் முடியும் என்பதே விடை. மென்பொருளின் ஆயுளைவிடக் குறிப்பின் ஆயுள் நீண்டது. பள்ளிப் பருவத்தில் தொடங்கும் விக்கி ஐம்பது ஆண்டுகள் வளரலாம்.

காப்புநகல்

குறிப்புகள் மூன்று படிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறொரு வீட்டிலோ ஊரிலோ இருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் விதி. கணினியில் ஒன்று, புறநிலை வன்தட்டில் ஒன்று, வெளியூரிலுள்ள உறவினரிடமோ மேகச் சேமிப்பிலோ ஒன்று என வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியும் கணினியும் ஒத்திசைவதைக் காப்புநகல் என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றொன்றிலும் அது அழியும். நிரலாக்கம் தெரிந்தவர்கள் கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பயன்படுத்திப் பழைய வடிவங்களையும் காக்கலாம். காப்புநகலிலிருந்து ஒரு பக்கத்தையாவது அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல் பயன்படுமா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும். அன்று தெரிந்து பயனில்லை.

அந்தரங்கமும் பாதுகாப்பும்

கடவுச்சொல், வங்கிக் கணக்கின் இரகசிய எண், ஆதார் எண் ஆகியவற்றை விக்கியில் எழுதக் கூடாது. கடவுச்சொற்களுக்கென்று கீபாஸ்எக்ஸ்சி போன்ற தனி மென்பொருள்கள் உள்ளன. விக்கியில் எழுத வேண்டியது அந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே: பத்திரம் பீரோவின் மேல்தட்டில், காப்பீட்டு ஆவணம் நீலக் கோப்பில் என்பது போல. பிறருடைய நோய், கடன், குடும்பச் சண்டை போன்றவற்றை எழுதும்போது அவர்கள் அதைப் படிக்க நேரலாம் என்ற நினைவு இருக்க வேண்டும். பயன்படுத்தும் கணினி பலருக்குப் பொதுவானதானால் வன்தட்டையோ கோப்புறையையோ மறைகுறியாக்கம் செய்வது நல்லது.

இதன் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். வீட்டில் கணக்கு வழக்குகளைப் பார்த்தவர் திடீரென நோயுற்றால், அவர் எழுதி வைத்த அனைத்தும் பிறரால் திறக்க முடியாத பெட்டியாகிவிடலாம். முதலில் இதைப் படிக்கவும் என்ற ஒரு பக்கத்தை எழுதி, அச்சிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வைப்பது அவசியம். விக்கி எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது, உடனே பார்க்க வேண்டிய பக்கங்கள் எவை என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

வரம்புகள்

விக்கியில் இருப்பதெல்லாம் நம் மனத்தில் இருப்பதாகாது. தேர்வு எழுதுபவர் குறிப்பைச் சேர்ப்பதோடு நில்லாமல், பக்கத்தை மூடிவிட்டுத் தானே எழுதிப் பார்க்க வேண்டும். சிலர் நிறம், வடிவம், குறிச்சொல், புதுப்புது மென்பொருள் என்று ஏற்பாட்டிலேயே காலம் கழிக்கின்றனர். எழுதும் பக்கம் ஒன்றும் கூடுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் ஒதுக்கி, அவசரமாக எழுதிய வரிகளைத் திருத்தி, விட்டுப்போன இணைப்புகளைச் சேர்த்து, பொய்த்துப்போன செய்திகளை நீக்கினால் போதும்.

கையெழுத்துக் குறிப்பேட்டை விட்டுவிட வேண்டும் என்பதும் இல்லை. வகுப்பில், வயலில், பட்டறையில் தாளே விரைவானது. அன்று மாலை அதிலிருந்து நிலைக்க வேண்டியதை மட்டும் சொந்தச் சொற்களில் விக்கிக்கு மாற்றும்போது பாடம் இரண்டாம் முறை படிக்கப்படுகிறது. பிற்பாடு அப்பக்கம் பொதுவில் பயன்படும் அளவுக்குத் தேறினால், மேற்கோள்களைச் சரிபார்த்து ஒரு பொதுக் கலைக்களஞ்சியத்துக்கும் அளிக்கலாம்.